விளையாட்டுக்காக வரைந்த வான்படம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு விளையாடும் விளையாட்டைப் பற்றி என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "சரி அக்கா, பதினைந்து நிமிடம்" என்றார். பாடசாலையின் வரலாறு, அதிபர்களின் சேவை, விளையாட்டுப் போட்டிகளில் நாம் வென்ற கேடயங்கள் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகப் பேசக் கூடியவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது படம் வரைவது. ஓய்வு பெறும்வரை படவரைஞராக வேலை பார்த்தவள் நான். காணி எல்லை, வாய்க்கால், ஒழுங்கை, கிணறு இவைதான் என் கைக்குப் பழகியவை. அந்தக் கை ஓய்வுக்குப் பிறகு வானத்தை வரையத் தொடங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணன் மகன் லீவில் வந்தபோது ஒரு புத்தகத்தையும் ஒரு பை நிறையப் பகடைக்காய்களையும் விட்டுவிட்டுப் போனான். "அத்தை, இதை வைத்து ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடிப் பாருங்கள்" என்றான். கரம், தாயம், சதுரங்கம் தெரியும். இது வேறு வகை. பலகை கிடையாது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருத்தி கப்பலோட்டி, ஒருத்தி வைத்தியர், ஒருத்தி இயந்திரம் பார்ப்பவள். ஒருவர் மட்டும் நடத்துநர். அவர் நிலைமையைச் சொல்வார், மற்றவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். சந்தேகமான இடத்தில் பகடை முடிவு சொல்லும். ஆள் பேசி ஆடும் நாடகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வசனம் முன்கூட்டி எழுதப்படவில்லை. 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இந்த வகை முதன்முதலாக அச்சில் வந்தது. அது மந்திரவாதிகளும் பூதங்களும் வரும் கதை. விண்வெளிக் கதைக்கு 1977இல் வந்த 'டிரவலர்' என்ற விளையாட்டுத்தான் பெரிய முன்னோடி. மார்க் மில்லர் என்பவர் உருவாக்கியது.

என்னிடம் சேர்ந்தது ஐந்து பிள்ளைகள். தங்கை மகள் என்னைப் பெரியம்மா என்பாள், அதனால் மற்ற நான்கு பேருக்கும் நான் பெரியம்மாதான். ஒருத்தி உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். ஒருத்தி ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். பூதக் கதை வேண்டாம், விண்வெளிதான் வேண்டும் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அங்கேதான் எனக்கு வேலை வந்தது.

பூதக் கதையில் "காட்டுக்கு அப்பால் ஒரு ஊர்" என்று சொன்னால் போதும், நடந்து போய்விடுவார்கள். விண்வெளியில் அப்படி இல்லை. முதல் நாளே கேள்வி வந்துவிட்டது. "அங்கே போக எவ்வளவு காலம் ஆகும் பெரியம்மா? எரிபொருள் போதுமா? போகிற வழியில் நிற்க இடம் இருக்கிறதா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் சொல்ல ஒரு படம் வேண்டும்.

'டிரவலர்' சொல்லித் தந்த வழி மிக இலேசானது. ஒரு கடதாசியில் தேன்கூடு போல அறுகோணிகள் வரைய வேண்டும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10, மொத்தம் 80 அறைகள். ஓர் அறையின் அகலம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பகடையை உருட்டுங்கள். 4, 5, 6 விழுந்தால் அங்கே ஒரு விண்மீன் உண்டு. 1, 2, 3 விழுந்தால் வெறும் இடம். 80 அறைக்கும் உருட்டி முடித்தால் ஏறக்குறைய 40 விண்மீன்கள் கிடைக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றிலும் துறைமுகம் எப்படி, காற்று உண்டா, தண்ணீர் உண்டா, எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதற்கும் பகடைதான். கப்பல்கள் ஒரே பாய்ச்சலில் 1 முதல் 6 அறை வரை தாவும். ஒரு பாய்ச்சலுக்கு ஒரு கிழமை ஆகும்.

மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பிரபஞ்சத்தையே உருவாக்கிவிடலாம். தரம் 6 படிக்கும் பிள்ளைகூடச் செய்யும். பகடையில் விழுந்த வெற்றிடங்கள்தான் சுவாரசியம் தருபவை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா அறையிலும் விண்மீன் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரும் யாரையும் தேடி வரத் தேவையில்லை. மூன்று வெற்று அறைகள் தொடர்ந்து விழுந்த இடத்தில்தான் ஒரு ஊர் தனித்துப் போகிறது, அங்கே மருந்து தட்டுப்படுகிறது, கதை பிறக்கிறது.

எங்களுக்கு அது இரண்டு மாதம் போதுமாக இருந்தது. பிறகு ஒரு நாள் மாலை, விளையாட்டு முடிந்து முற்றத்தில் நின்றபோது தோட்டத்துப் பிள்ளை மேலே பார்த்துக் கேட்டாள். "நம்ம படத்தில் இருக்கிறதில் எது பெரியம்மா அது?" எதுவுமே இல்லை. எல்லாம் பகடை போட்டது. அவள் முகத்தைப் பார்த்தபோது ஏதோ ஏமாற்றிவிட்டது போல எனக்கு ஆகிவிட்டது.

அதனால் உண்மையான வானத்திலிருந்து வரையலாம் என்று முடிவு செய்தோம். இதற்கும் முன்னோடி உண்டு. டிரவலரை வெளியிட்ட அதே நிறுவனம், கேம் டிசைனர்ஸ் வேர்க்ஷொப், 1986இல் 2300ஆம் ஆண்டுக் காலத்தில் நடக்கும் வேறொரு விளையாட்டை வெளியிட்டது. அதற்கு வானியலாளர்களின் அருகு விண்மீன் பட்டியலையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு விதி: கப்பல் ஒரே மூச்சில் 7.7 ஒளியாண்டு மட்டுமே போகும், அதற்குள் ஒரு விண்மீனை அடைந்து இளைப்பாறியே ஆக வேண்டும். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு பட்டியலில் உள்ள விண்மீன்களுக்கிடையே கோடு போட்டால் எங்கே பாதை உண்டு, எங்கே இல்லை என்பது தானாகவே வந்துவிடுகிறது. மனிதர் பரவிய வழிகள் மூன்று நீண்ட கைகளாகப் பிரிந்தன. யாரும் உட்கார்ந்து கற்பனை செய்து போட்ட வழிகள் அல்ல அவை. எல்லையை மட்டும் அவர்கள் தீர்மானித்தார்கள், மிச்சத்தை வானம் வரைந்தது.

நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான். விண்மீன்களைக் குறிப்பதால் மட்டும் ஒரு வான்படம் உருவாவதில்லை. ஒரு கப்பல் நிற்காமல் எவ்வளவு தூரம் போகும் என்ற அளவுதான் அதைப் படமாக்குகிறது. அதை முதலில் எழுதுங்கள். பிறகு பென்சிலைத் தொடுங்கள்.

பட்டியலுக்கு இப்போது குறைவில்லை. தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெருவிரலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறுவது போலத் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால் அருகில் உள்ள விண்மீனும் அப்படி ஒரு துளி இடம் மாறும். 1838இல் ஜேர்மனியரான பெசல் அந்தத் துளியை அளந்து '61 சிக்னி' என்ற விண்மீனின் தூரத்தைச் சொன்னார். இன்று அது 11.4 ஒளியாண்டு என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் விண்கலம் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்து 1997இல் பட்டியல் வந்தது. 2013 டிசெம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கு மேல் அளந்துவிட்டது. அந்தப் பட்டியலை எவரும் இலவசமாக எடுக்கலாம்.

நாங்கள் 13 ஒளியாண்டுக்குள் இருப்பவற்றை மட்டும் எடுத்தோம். இருபத்தைந்துக்கு மேற்பட்ட விண்மீன் குடும்பங்கள் வந்தன. உடனே பிள்ளைகள் என்ன தேடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? தங்கள் பிறந்த நட்சத்திரத்தை. ரோகிணிக்காரி ஒருத்தி, மகம் ஒருத்தி, சுவாதி ஒருத்தி. ஒன்றும் இல்லை. ரோகிணி 65 ஒளியாண்டு, மகம் 79, சுவாதி 37. இருபத்தேழில் நமக்கு மிகக் கிட்டியது திருவோணம், அதுவே சுமார் 17. திருவாதிரையும் கேட்டையும் ஐந்நூறுக்கு மேல். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும் இருபத்தேழில் ஒன்றுகூட எங்கள் படத்துக்குள் விழவில்லை.

அதற்குப் பதிலாக வந்தவை எல்லாம் பெயர் தெரியாத மங்கலான சிவப்புக் குறளிகள். வுல்ஃப் 359, ரொஸ் 154, லலாண்ட் 21185. பதிவேட்டு இலக்கம் போட்ட காணித் துண்டு போல. பட்டியலில் உள்ளவற்றில் இருண்ட இரவில் வெறுங்கண்ணுக்குத் தெரியக் கூடியவை ஏழே ஏழு. வானத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் தூரத்துப் பணக்காரர்களின் விளக்கு. பக்கத்து வீட்டுக் குப்பிவிளக்கு கண்ணுக்கே தெரிவதில்லை.

இந்த ஆழம் என்ற விடயத்தைப் புரிந்துகொள்ள மாசி மாதத்து முன்னிரவில் வெளியே வந்து பாருங்கள். வேடனின் இடுப்பில் உள்ள மூன்று விண்மீன்களையும் கோடு பிடித்துக்கொண்டு போனால் சிரியஸ், வானத்திலேயே பிரகாசமானது. அதற்கு வடகிழக்கே புரோசியன். வேடனின் தோளில் செம்மையாகத் திருவாதிரை. மூன்றும் அழகான முக்கோணம். சிரியஸ் 8.6 ஒளியாண்டில், புரோசியன் 11.5இல், திருவாதிரையோ ஐந்நூறுக்கு அப்பால். கண்ணுக்கு மூன்றும் ஒரே சுவரில் அடித்த ஆணிகள்.

பட்டியலில் ஒவ்வொரு விண்மீனுக்கும் வானத்து நெடுங்கோடு, அகலக்கோடு என்று சொல்லத்தக்க இரண்டு கோணங்களும் ஒரு தூரமும் இருக்கும். சைன், கோசைன் தெரிந்தால் அந்த மூன்றையும் கடதாசியில் வைக்கக் கூடிய மூன்று எண்களாக மாற்றலாம்: பக்கவாட்டு, முன்பின், மேல்கீழ். சூரியன் பூச்சியத்தில். அப்படிச் செய்தால் சிரியஸ் −1.6, 8.1, −2.5. புரோசியன் −4.8, 10.4, 1.0. சாதாரண தரத்துத் திரிகோண கணிதம்தான். தரம் 11இல் "இது எதுக்கு மிஸ்?" என்று கேட்ட அதே பாடம்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். சொல்லத்தான் வேண்டும்.

காணிப் படத்தில் சரிவு நிலத்தையும் கிடையாக அளந்தே வரைவோம். மலைச்சாய்வில் இருக்கும் ஒரு துண்டு நடக்கும்போது நீளமாக இருக்கும், படத்தில் குறையும். அது எங்கள் தொழிலின் முறை, அதில் தவறில்லை. ஆனால் கை பழகிவிட்டது. மூன்றாவது எண்ணைப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதிவிட்டு, தூரத்தை அடிமட்டத்தால் கடதாசி மேல் அளந்தேன். எங்கள் விளையாட்டில் கப்பலின் எல்லை 5 ஒளியாண்டு. சிரியசுக்கும் புரோசியனுக்கும் இடையே அடிமட்டத்தில் 3.9 வந்தது. பாதை உண்டு என்று நீலக் கோடு போட்டுவிட்டேன்.

கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சூரியனில் தொடங்கவில்லை. பல தலைமுறைக்கு முன் மெதுவான கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்ட வேலையாட்களின் பேரப்பிள்ளைகள் சிரியசிலும் புரோசியனிலும் வாழ்கிறார்கள். ஏற்றிச் சென்றவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள், இவர்கள் இருக்கிறார்கள். இதை நான் எழுதவில்லை, பிள்ளைகளே முதல் நாள் பேசி முடிவு செய்தது. புரோசியனில் காய்ச்சல். சிரியசிலிருந்து ஐந்து பேரும் மருந்தோடு புறப்பட்டார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க விளையாடிப் போய்ச் சேர்ந்தார்கள். பகடை நன்றாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நான் தேநீர் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இணைந்த கணிதக்காரி ஒரு கொப்பித் தாளோடு வந்தாள். உட்காரவும் இல்லை. "பெரியம்மா, மூன்றாவது எண்ணை விட்டுட்டீங்க" என்றாள். வித்தியாசங்கள் 3.2, 2.3, 3.5. மூன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5.3க்குச் சற்றுக் குறைவு. எங்கள் எல்லை 5. போயிருக்கவே முடியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி விடு பிள்ளை, விளையாட்டுத்தானே. கால் ஒளியாண்டுதானே குறைகிறது" என்றேன். அவள் அதையும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கால் ஒளியாண்டு பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல ஏறக்குறைய 16,000 மடங்கு. கப்பலோட்டி அவள்தான். "நான் ஓட்டின கப்பல் அது. எரிபொருள் தீர்ந்து நடுவிலே நிற்குது. நீங்க சேர்ந்துட்டோம்னு சொன்னா நான் விளையாட வரல்ல" என்றாள்.

மற்றவர்களுக்கு அழுகை வந்துவிட்டது. மருந்து போய்ச் சேர்ந்து ஒரு கிழமையாகிவிட்டது, அவர்கள் மனதில் புரோசியன் பிள்ளைகள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். என் தங்கை மகள், எல்லையை 6 ஆக்கிவிடலாம் என்றாள். ஆக்கலாம்தான், நடத்துநர் நான், ஒரு எண்ணை அழித்து எழுத எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் அந்த எண்ணை வைத்துத்தானே மற்ற எல்லாக் கோடும் போட்டிருந்தோம். இரண்டு மாதமாக வர முடியாமல் தவித்த ஊர்களுக்கு நாளை யார் பதில் சொல்வது?

அப்போதுதான் தோட்டத்துப் பிள்ளை வாய் திறந்தாள். அவள் பேசுவது குறைவு. தன் பாட்டி சொன்ன கதை ஒன்றைச் சொன்னாள். மாத்தளையில் பிறந்த நம் எல்லோருக்கும் அந்தக் கதை ஏதோ ஒரு விதத்தில் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியாகத் தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நூறு மைலுக்கு மேல். ஒரு பொழுதில் நடக்கக் கூடிய தூரத்தில் தண்ணீர் இருந்தால் அன்றைக்கு உயிர் உண்டு. இல்லாத இடத்தில் விழுந்தவர்கள் விழுந்தபடியே கிடந்தார்கள். கொலராவில் போனவர்கள் எத்தனையோ பேர். பின்னாளில்தான் வழிநெடுக தங்கும் கொட்டகைகளும் கிணறுகளும் வந்தன. அந்த வழி வந்து முடிந்த இடம் நம் ஊர். இங்கே முத்துமாரியம்மன் இருக்கிறாள். இங்கிருந்து மலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

"நடுவுல ஒரு கொட்டகை இருந்திருந்தா அவங்க செத்திருக்க மாட்டாங்கதானே பெரியம்மா?" என்று கேட்டாள். அவள் பாட்டனாரைப் பற்றிக் கேட்டாளா, கப்பலைப் பற்றிக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று விளையாடவில்லை. படத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு எல்லாத் தூரத்தையும் புதிதாகக் கணக்கிட்டோம். ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஐந்தாறு சோடி. இருந்த நீலக் கோடுகளில் பல அழிந்தன. சூரியனுக்கு மிக அருகிலுள்ள அல்பா சென்டோரிகூடக் கடதாசியில் 2.1 ஒளியாண்டு தள்ளித்தான் இருந்தது. உண்மையில் 4.4. அவ்வளவு ஆழத்தில் தென்பக்கம் தொங்குகிறது. நல்லவேளை, அது 5க்குள்.

கப்பலுக்கு என்ன ஆனது? கப்பலோட்டி சொன்னபடியே நடுவில் நின்றது. ஆனால் இருட்டில் ஒரு பொருளை அங்கே வைத்தோம். எந்த விண்மீனையும் சுற்றாத, உறைந்த, சிறிய உலகம். இது வெறும் சமாதானம் இல்லை. 2013இல்தான் 6.5 ஒளியாண்டில் இரண்டு பழுப்புக் குறளிகள் சோடியாக இருப்பதே தெரியவந்தது. 2014இல் இன்னொன்று, ஏழு ஒளியாண்டுக்குச் சற்று அப்பால், அதன் குளிர் நம் பனிக்கட்டியைவிடக் கடுமை. இவ்வளவு அருகில் இருந்தும் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. 1986இல் 7.7 என்று வரைந்த அந்தப் பழைய படத்துக்கே இவை புதிய வழி திறந்துவிடக் கூடியவை. ஆக, சிரியசுக்கும் புரோசியனுக்கும் நடுவே ஒன்று இருக்கவே முடியாது என்று எவராலும் சொல்ல முடியாது.

பெயர் வைக்க வேண்டி வந்தது. தோட்டத்துப் பிள்ளைதான் வைத்தாள்: சுமைதாங்கி. தலைச்சுமையை இறக்கி வைக்க வழியோரத்தில் நாட்டும் கல். கருவோடு இறந்த பெண்களின் நினைவாக நாட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ, நான் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், அவளும் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நிபந்தனை வைத்தேன். வானத்தில் உண்மையாக இருப்பது கறுப்பு மையில். நாம் வைத்தது சிவப்பு மையில். எக்காலத்திலும் இரண்டும் கலக்கக் கூடாது. அந்தப் பிழைக்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு இது. பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் இங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவலில் நம் மாவட்டத்துச் சீகிரியாவை வேறு பெயரில் வைத்து எழுதினார். பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் கோபுரம் பற்றிய கதை. அப்படி ஒரு கோபுரம் பூமத்திய கோட்டில் மட்டும்தான் நிற்கும். அதனால் முழு இலங்கையையும் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டார்! சிவனொளிபாத மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கினார். ஆனால் இவற்றை மாற்றியிருக்கிறேன் என்று நூலிலேயே ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைத்தார். அதுதான் சிவப்பு மை.

பெயர் பற்றி இன்னும் ஒன்று. சர்வதேச வானியல் ஒன்றியம் 2019இல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, நாட்டுக்கு ஒரு விண்மீனையும் அதைச் சுற்றும் ஒரு கோளையும் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. இலங்கை தன் விண்மீனுக்குச் 'சாமய', கோளுக்குச் 'சமகிய' என்று வைத்தது. சமாதானமும் ஒற்றுமையும். இந்தியா தன் விண்மீனுக்குப் பிபா சௌத்ரி என்ற பெண் பௌதிகவியலாளரின் பெயரை வைத்துப் 'பிபா' என்றது. இவை மெய்யான பெயர்கள், வானியலாளர் பதிவேட்டில் உள்ளவை. எங்கள் 13 ஒளியாண்டுக்கு எவ்வளவோ வெளியே இருப்பதால் படத்தில் இடம் இல்லை. ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.

செய்து பார்க்க விரும்பும் தங்கைகளுக்கு இரண்டொரு வார்த்தை. சதுரக்கோட்டுக் கொப்பியின் நடுப்பக்கம் போதும், ஒரு சதுரம் ஒரு ஒளியாண்டு. மேல்கீழ் எண்ணைப் புள்ளிக்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதுங்கள். புவியியல் பாடத்து ஒரு அங்குலப் படத்தில் மலை உச்சிக்குப் பக்கத்தில் உயரத்தை எழுதியிருப்பார்களே, அதே போல. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் படத்தில் ஒரு சாண்கூட இல்லை, பஸ்ஸில் போய் வாந்தி எடுத்தவர்களுக்குத் தெரியும். கோடு போடுவதற்கு முன் ஒவ்வொரு தூரத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். விடை ஒத்து வந்தால் மட்டும் மை. எல்லா ஊருக்கும் பாதை வந்துவிட்டால் எல்லையைக் குறையுங்கள், ஒன்றுக்கும் வரவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். ஆனால் அதையெல்லாம் விளையாட்டைத் தொடங்குவதற்கு முன் செய்து முடியுங்கள்.

வானத்தையும் பாருங்கள். மாத்தளை வட அகலக்கோடு ஏழரைப் பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏழரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும், வடக்கே மரமோ மலையோ இருந்தால் தெரியாது. அதற்கு ஈடாக, இலண்டன்காரர்களும் ரொறன்ரோக்காரர்களும் தங்கள் வீட்டிலிருந்து எந்நாளும் பார்க்க முடியாத அல்பா சென்டோரி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனி மாத நடுவில் இரவு ஒன்பது மணியளவில் நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி இரண்டு முட்டி உயரத்தில் பளிச்சென்று நிற்கும். என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

எங்கள் படத்தின் நகல் ஒன்றை இன்று நூலகத்துக்குக் கொண்டு வந்திருக்கிறேன். சுருட்டிக் கட்டி அந்த மேசையில் வைத்திருக்கிறது. சிரியஸ் பக்கத்து மூலையில் தேநீர்க் கறை ஒன்று உண்டு, அதை நெபியூலா என்று நினைத்துவிட வேண்டாம். மருந்துக் கப்பல் இன்னும் சுமைதாங்கியில்தான் நிற்கிறது. பனிக்கட்டியை உருக்கி எரிபொருள் எடுக்க ஆறு வேண்டும், பகடையில் இரண்டு சனிக்கிழமையாக ஐந்துக்கு மேல் விழவில்லை. வருகிற சனிக்கிழமை திரும்பவும் உருட்டுகிறோம். பார்க்க வர விரும்பும் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.